புதுக் கருவியும் பழகிய கையும்

பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்கள் இன்று பல. எனினும் எஞ்சியுள்ள பால்மரக் காடுகளில் விடியுமுன் முதலில் கேட்பது வெட்டுக்கத்தி பட்டையைச் சீவும் ஓசையே ஆகும். அவ்வேலையின் அடிப்படை நுட்பம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாறவில்லை. ஆனால், அவ்வேலைக்குரிய கூலி நம் கையை வந்தடையும் வழி அடியோடு மாறிவிட்டது. சம்பள நாளன்று அலுவலகத்தின் முன் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் பெருவிரல் ரேகை பதித்து, நோட்டுகளை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்ட காலம் கடந்துவிட்டது. இன்று பெரும்பாலான தோட்டங்களில் சம்பளம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அட்டையைப் பணப்பொறியில் செலுத்தி, ஆறிலக்க இரகசிய எண்ணை அழுத்திப் பணம் எடுக்கிறோம். ஊழியர் சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியில் காண்கிறோம். மளிகைக் கடையில் ஒட்டியுள்ள கியூஆர் குறியைக் கைப்பேசியால் படம்பிடித்துப் பணம் செலுத்துகிறோம்.

இம்மாற்றங்களை நம்முள் சிலர் உடனே கைக்கொண்டனர். சிலர் தயங்கித் தயங்கிப் பழகினர். வேறு சிலரோ, "நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கூறி, அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டனர். முதல் இரு வகையினரைப் பற்றிக் கவலையில்லை. மூன்றாம் வகையினரின் நிலையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். புதுக் கருவி ஒன்றை மக்கள் எவ்வாறு ஏற்கின்றனர்? ஏன் தயங்குகின்றனர்? அத்தயக்கம் எந்த அளவு வரை நியாயமானது? எப்போது அது நட்டமாக முடிகிறது? இவற்றை இங்கு ஆராய்வோம்.

தயங்கியவர்கள் துரைமாரே

படிப்பறிவு குறைந்த பாட்டாளிகள் புதியதை எளிதில் ஏற்கமாட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. நாம் அன்றாடம் பால் வெட்டும் மரத்தின் வரலாறே இக்கூற்றைப் பொய்யாக்குகின்றது.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் ஒரு சிறு பகுதியே முளைத்தது. அவ்வாறு கிளம்பிய சந்ததியில் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஆகவே, ரப்பர் மரம் இந்நாட்டு மண்ணில் செழித்து வளரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால், தோட்ட முதலாளிகள் அதனைப் பயிரிட முன்வரவில்லை. அக்காலத்தில் அவர்கள் காப்பி பயிரிட்டு நல்ல இலாபம் கண்டு வந்தனர். 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைமைப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர், ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு தோட்டக்காரர்களைத் தேடிச் சென்று நடும்படி வற்புறுத்தினார். அவர்களோ அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர் சூட்டினர்.

துரைமாரின் தயக்கத்திற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. நட்ட கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை முதல் முடங்கிக் கிடக்கும். அம்மரத்தை நட்டு இலாபம் கண்டவர் என்று விரல் நீட்டிக் காட்ட ஒருவரும் இல்லை. இந்நிலையில், மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்னும் சீன வணிகர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். வணிக நோக்குடன் இந்நாட்டில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. ஏறத்தாழ அதே காலத்தில் காப்பியின் விலை வீழ்ந்தது. காற்றடைத்த சக்கரங்களுடன் மோட்டார் வண்டிகளும் பெருகலாயின. அதன் பிறகே தோட்டக்காரர்கள் முந்தியடித்துக்கொண்டு ரப்பர் நட்டனர். உயர்கல்வியும் முதலும் உடையவர்களே ஏறத்தாழ 20 ஆண்டுகள் தயங்கினர் என்றால், தயக்கம் என்பது ஏழைக்கும் எழுத்தறியாதவருக்கும் மட்டும் உரிய குணம் அன்று என்பது விளங்கும்.

மறுபக்கத்தையும் காண்போம். பிரேசில் காடுகளில் ரப்பர் சேகரித்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். அதனால் மரம் புண்பட்டது. ரிட்லி 1890களில் வகுத்த முறையோ வேறு. பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். அதே வெட்டை மறுநாளோ அடுத்த முறையோ மீண்டும் சற்றே சீவித் திறக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயிர்த்தோல் மீது கத்தி படக்கூடாது. அதற்கு முன்பாக ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரம் காயப்படும்.

இந்நுட்பத்தைக் கற்றுக்கொண்டவர்கள் யார்? ஏர் பிடித்தும் நாற்று நட்டும் பழகி, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரே ஆவர். அதுவரை அம்மரத்தைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள், இருட்டில், கைவிளக்கின் ஒளியில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த மெல்லிய அளவைத் தவறாமல் காத்தனர். அவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்குப் பணப்பொறியின் பொத்தான்கள் எட்டாத கலை என்று யாராவது கூறினால் அதனை நாம் ஏற்க வேண்டியதில்லை.

அண்டை நிலத்துச் சோளம்

தயங்குவதும் ஏற்பதும் எல்லா நாட்டு உழைப்பாளிகளுக்கும் பொதுவானவை. இதனை முறையாக ஆராய்ந்த ஆய்வுகளுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடைபெற்றதாகும். அங்கு 1928ஆம் ஆண்டில் கலப்பின மக்காச்சோள விதை விற்பனைக்கு வந்தது. பழைய விதையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விளைச்சல் தரக்கூடியது அது. எனினும் அறுவடையில் விதை எடுத்து வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இதற்கு ஒத்துவராது. ஆண்டுதோறும் காசு கொடுத்துப் புது விதை வாங்க வேண்டும்.

பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அங்குள்ள இரு ஊர்களில் 259 விவசாயிகளைக் கண்டு பேசி, தங்கள் முடிவுகளை 1943ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1941ஆம் ஆண்டுக்குள் இருவரைத் தவிர மற்ற அனைவரும் புது விதைக்கு மாறிவிட்டிருந்தனர். ஆயினும் அம்மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. முதல் ஐந்து ஆண்டுகளில் பத்தில் ஒருவரே மாறினார். அடுத்த மூன்று ஆண்டுகளில் அது பத்தில் நால்வராக உயர்ந்தது. விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டதிலிருந்து அதனை முழுமையாக ஏற்கும்வரை ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

அவ்வாய்வில் வெளிப்பட்ட உண்மைகளுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. முதலாவது, விதையைப் பற்றிய செய்தியைப் பெரும்பாலும் விற்பனையாளர்களே கொண்டு வந்தனர். ஆனால், அதனை நம்பி விதைக்கத் தூண்டியவர்கள் அண்டை நிலத்தாரே. இரண்டாவது, பெரும்பாலோர் முழு நிலத்திலும் ஒரே ஆண்டில் புது விதையைத் தூவிவிடவில்லை. ஒரு மூலையில் சிறிதளவு விதைத்துப் பார்த்து, பலன் கண்டபின் ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே சென்றனர்.

அதே அயோவாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் எவரெட் ரோஜர்ஸ் என்னும் அறிஞர். அவருடைய தந்தையாரும் புது விதையை நெடுநாள் மறுத்து வந்தவர். 1936ஆம் ஆண்டில் கடும் வறட்சி வந்தது. அவருடைய சோளம் வாடிச் சாய்ந்தது. அண்டை நிலத்துக் கலப்பினச் சோளமோ நிமிர்ந்து நின்றது. அதன்பின் அவர் மாறினார். மகன் வளர்ந்து, புதியவை மக்களிடையே பரவும் விதத்தைப் பற்றி 1962ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். எந்தப் புதுமையும் ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் ஐந்து கேள்விகளைப் பொறுத்தது என்பது அவர் முடிவு. பழையதைவிட இதில் பயன் உண்டா? நம் வாழ்க்கைக்கும் வழக்கத்திற்கும் ஒத்துவருமா? எளிதில் விளங்குமா? சிறிதளவில் சோதித்துப் பார்க்க முடியுமா? பலன் கண்ணுக்குத் தெரியுமா? இவ்வைந்து கேள்விகளையும் நம் தோட்ட வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

பயனையும் அதன் மறுபக்கத்தையும் ஒருங்கே அறிய, எத்திபோன் என்னும் ஊக்கி மருந்தை எடுத்துக்கொள்வோம். 1970களில் இது நம் தோட்டங்களில் பரவியது. பட்டையில் தடவினால் பால் நெடுநேரம் வடியும்; வெட்டும் நாள்களைக் குறைத்தும் போதிய பால் பெறலாம். பயன் மறுநாளே வாளியில் தெரிவதால் இம்மருந்து விரைவில் ஏற்கப்பட்டது. ஆனால், அளவு மீறித் தடவி அடிக்கடி வெட்டினால் வெட்டுப்பட்டை வறண்டு, பால் நின்றுபோகும். இந்தக் கேடு மறுநாள் தெரிவதில்லை; பிறகே தெரியும். உடனே தெரியும் நன்மைக்கும் மெல்ல வரும் தீமைக்கும் இடையே நின்று, "எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று கேட்ட பழைய வெட்டுத் தொழிலாளியின் தயக்கம் அறிவுடைய தயக்கமாகும்.

பாலில் உள்ள ரப்பரை அளக்கும் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியின் கதை இதற்கு நேர்மாறானது. மரத்திலிருந்து இறங்கும் 100 பங்கு பாலில் 30 முதல் 40 பங்கு வரையே ரப்பர் உண்டு. எஞ்சியது பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆதலால், ரப்பர் மிகுந்த பாலில் இக்கருவி ஆழமாக இறங்கும். ரப்பர் குறைந்த பாலில் மேலே மிதக்கும். தண்டிலுள்ள கோடுகளைப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்கின்றனர். கருவியின் தத்துவம் இவ்வளவே. ஆனால், இதனை யாரும் விளக்காத இடங்களில், பால் கொட்டகையில் நிற்கும் தொழிலாளிக்கு அது என்ன சொல்கிறது என்பது தெரியாது. வாளி நிறைய ஊற்றியும் எண் குறைவாக வருகிறதே என்னும் ஐயமே மிஞ்சும். கருவி நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதனால் கூலி நிர்ணயிக்கப்படுபவர் அதனைப் படிக்கவும் வேண்டும். படித்துக்காட்டுவது அலுவலகத்தின் கடமை; கேட்டறிவது நம் உரிமை.

இராத்தல் போய்க் கிலோ வந்தபோது

தோட்ட மக்கள் அனைவரையும் ஒரே காலத்தில் தொட்ட மாற்றம் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் இந்நாட்டில் எடைகள், அளவைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் இராத்தல், கட்டி, பிக்கல் ஆகியவை படிப்படியாக விலக, கிலோகிராம் வழக்கத்துக்கு வந்தது. ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 2.2 இராத்தல். ஒரு கட்டி என்பது ஏறத்தாழ 605 கிராம்.

இதனால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தொழிலாளியின் கணக்கில் நேற்று வரை 44 இராத்தல் என்று எழுதப்பட்டு வந்தது. இன்று அதே அளவு ரப்பருக்கு 20 கிலோ என்று எழுதப்படுகிறது. எண் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உழைப்பும் குறையவில்லை, பாலும் குறையவில்லை. ஓர் இராத்தலுக்கு 10 காசு என்றால் ஒரு கிலோவுக்கு 22 காசு என்று விகிதமும் உயர வேண்டும். அது உயர்ந்ததா, இல்லையா என்பதை அறிய 2.2 என்னும் ஒரே ஓர் எண் தெரிந்தால் போதும். அது தெரிந்தவருக்கு மாற்றத்தால் அச்சமில்லை. தெரியாதவரோ இரண்டு வகையில் துன்பப்படுவார்: கூலி சரியாக இருந்தாலும் ஐயப்படுவார், தவறாக இருந்தாலும் கண்டுபிடிக்கமாட்டார்.

புதுக் கருவி எதுவாயினும் அதற்குரிய 'ஒரே ஓர் எண்' ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்பதில்லை. நம் கூலியையும் சேமிப்பையும் சரிபார்க்கத் தேவையானதைக் கற்றால் முக்கால் பங்கு அச்சம் நீங்கிவிடும்.

அலுவலக மேசையில் நிகழ்ந்தவை

தோட்ட அலுவலகத்தில் அமர்ந்திருப்போருக்கும் இச்சோதனை உண்டு. பிரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் ஏட்டில் மையினால் குறித்து, மாத முடிவில் கூட்டிக் கழித்துச் சம்பளப் பட்டியல் எழுதிய கிராணிகளுக்குத் தட்டச்சுப் பொறி வந்தது. பின்னர் கணக்குப் பொறி வந்தது. அதன் பின்னர் கணினி வந்தது. கணினிக்கு மாறும் அலுவலகங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சில மாதங்களுக்கு ஏட்டிலும் எழுதுவார்கள், கணினியிலும் பதிவார்கள். இரண்டும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்த பிறகே ஏட்டை மூடுவார்கள். அயோவா விவசாயி நிலத்தின் மூலையில் சிறிது விதைத்துப் பார்த்ததற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

கருவி மனிதனின் வழக்கத்துக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்குத் தமிழ்த் தட்டச்சுப் பொறி சிறந்த சான்றாகும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள், தமிழுக்கோ 247. ஆங்கிலப் பொறியின் சில வரிசை விசைகளுக்குள் இத்தனை எழுத்துகளை எவ்வாறு அடக்குவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1907ஆம் ஆண்டில் மலாயா வந்து, இங்கு ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள் இதற்கு விடை கண்டார். சில குறிகளுக்கு உரிய விசையை அழுத்தினால் தாள் நகராது. அடுத்த எழுத்து அக்குறியோடு சேர்ந்து அதே இடத்தில் பதியும். இந்த நகராத விசைகளின் உதவியால் குறைந்த விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கியது. அப்பொறி ஜெர்மனியில் உருவாக்கப்பட்டுத் தமிழ் அலுவலகங்களுக்குள் நுழைந்தது.

அம்மரபு இந்நாட்டில் தொடர்ந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் கணினிக்கு 'முரசு அஞ்சல்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அவருடைய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வெளியீடு கண்டு, கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுத வழிசெய்தது. இன்று நம் லயத்து வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் செய்தி அனுப்புகின்றனர் என்றால், அவர்கள் கருவிக்காகத் தம் மொழியை விடவில்லை. கருவியே அவர்கள் மொழிக்கு வந்து சேர்ந்தது.

ஓர் ஆண்டில் கற்ற பாடம்

நெடுங்காலம் தயங்குவோரும் சில வேளைகளில் விரைந்து கற்றுக்கொள்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பின்னர், கடைக்குள் நுழையுமுன் மைசெஜாத்திரா செயலியால் கியூஆர் குறியைப் படம்பிடிக்கும் வழக்கம் நாடெங்கும் பரவியது. அதுவரை கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டுமே பயன்படுத்தியவர்கள்கூடச் சில மாதங்களில் இதனைப் பழகினர். தேவை இருந்தது; செய்கை எளிதாக இருந்தது; வரிசையில் முன்னால் நின்றவர் செய்வதைக் கண்ணால் கண்டனர்; தெரியாதபோது பக்கத்தில் இருந்தவர் கைகொடுத்தார். ஐந்து கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்தது.

ஆனால், இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. படம்பிடிக்கும் செய்கை பழகிவிட்டதே தவிர, எதைப் படம்பிடிக்கிறோம், அதனால் என்ன நிகழும் என்னும் அறிவு அதே வேகத்தில் வளரவில்லை. மோசடிக்காரர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பிறர் கையில் நம் சாவி

இப்போது தொடக்கத்தில் கூறிய மூன்றாம் வகையினரிடம் வருவோம். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் மகனிடமோ, கடைக்காரரிடமோ, கடன் கொடுத்தவரிடமோ ஒப்படைத்துவிடும் தொழிலாளர்கள் இன்றும் உள்ளனர். "அவர் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்" என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், கணக்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்பவற்றுள் எதுவும் உழைத்தவருக்குத் தெரியாது. முன்பு நோட்டுகளை எண்ணிப் பார்த்த கைக்கு இன்று எண்ணுவதற்கு எதுவுமில்லை. கூலியைப் பாதுகாக்க வந்த கருவி, கற்றுக்கொள்ளப்படாததால் கூலியை மறைக்கும் திரையாகிவிட்டது. தயக்கம் நட்டமாக மாறும் இடம் இதுவே. மேலும், அட்டையையும் கணக்கையும் பிறர் பயன்படுத்த வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றமாகும். மோசடிப் பணம் அக்கணக்கின் வழியே சென்றால் கேள்வி கேட்கப்படுபவர் கணக்கின் உரிமையாளரே.

ஊழியர் சேமநிதியும் அத்தகையதே. 1951ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுத் தொழிலாளர்களின் முதுமைக்காலத்திற்குத் துணையாக விளங்குவது அது. மாதம் 1,700 ரிங்கிட் சம்பளம் பெறும், 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். ஆக, மாதந்தோறும் 408 ரிங்கிட் அவர் பெயரில் சேர வேண்டும். அதனை அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் முதலாளி செலுத்திவிட வேண்டும். சம்பளச் சீட்டில் 187 ரிங்கிட் பிடித்திருந்தும் சேமநிதிக் கணக்கில் அது வந்து சேராவிட்டால், மாதந்தோறும் பார்ப்பவருக்கு அடுத்த மாதமே தெரியும். பார்க்காதவருக்கு ஓய்வுபெறும் நாளில்தான் தெரியும். ஒரு மாதத் தவற்றைக் கேட்டுப் பெறுவது எளிது. இருபது ஆண்டுத் தவற்றைத் தோட்டம் கைமாறிய பிறகு யாரிடம் சென்று கேட்பது? கைப்பேசியில் சேமநிதிச் செயலியைத் திறக்கக் கற்பது வெறும் நாகரிகம் அன்று. நம் முதுமைக்கு நாமே காவல் நிற்பதாகும்.

செய்யத் தக்கவை

மேற்கூறிய வரலாறுகளிலிருந்து நாம் நடைமுறையில் கொள்ளத்தக்கவை சில உள.

முதலாவதாக, சிறிதளவில் தொடங்குதல். பணப்பொறியில் முதன்முறை சம்பளம் முழுவதையும் எடுக்க முயல வேண்டாம். கணக்கிலுள்ள இருப்பை மட்டும் பார்த்து வருக. அடுத்த முறை சிறு தொகை எடுத்துப் பார்க்கலாம். கியூஆர் குறி வழியே பணம் செலுத்துவதாயின் முதலில் ஓரிரு ரிங்கிட் செலுத்தி, கடைக்காரரின் பெயர் சரியாகத் தோன்றுகிறதா, பணம் அவருக்குச் சேர்ந்ததா என்று கேட்டறிக.

இரண்டாவதாக, ஏட்டை மூடாதிருத்தல். வெட்டிய நாள்கள், ஊற்றிய பாலின் கிலோ, சம்பளச் சீட்டிலுள்ள தொகை, சேமநிதியில் சேர்ந்த தொகை ஆகிய நான்கையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் மாதந்தோறும் குறித்து வருக. எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதித் தரலாம். அலுவலகம் கணினிக்கு மாறியபோது ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தது போன்றதே இதுவும்.

மூன்றாவதாக, கற்றுக்கொடுப்பவர் நம் கையைக்கொண்டே செய்விக்க வேண்டும். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, "நீயே பார்த்துச் சொல்" என்பதால் நாம் ஒன்றும் கற்பதில்லை. வெட்டுக்கத்தியை எவ்வாறு கற்றோம்? அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க, நம் கையாலேயே மரத்தில் வெட்டிப் பழகினோம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து வழிகாட்டட்டும். பொத்தானை நம் விரலே அழுத்தட்டும். இதில் தாய்மார் பின்தங்கிவிடலாகாது. தம் பெயரில் வரும் சம்பளத்தைத் தாமே பார்க்கும் பழக்கம் அவர்களுக்கும் வேண்டும்.

நான்காவதாக, இரகசியத்தைக் காத்தல். இரகசிய எண்ணையோ, கைப்பேசிக்கு வரும் அனுமதி எண்ணையோ எந்த வங்கி அதிகாரியும் காவல்துறை அதிகாரியும் தொலைபேசியில் கேட்கமாட்டார். கேட்பவர் யாராயினும் மோசடிக்காரர் என்று கொள்க. திருமண அழைப்பிதழ் என்றும், உதவித்தொகை விண்ணப்பம் என்றும் கூறி அனுப்பப்படும் அறியாத செயலிகளைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டாம். பணம் பறிபோனதாக அறிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கியையோ 997 என்னும் எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தையோ அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும்.

ஐந்தாவதாக, அறிந்தவர் பிறருக்குச் சொல்ல வேண்டும். அயோவாவில் விற்பனையாளர் சொல்லுக்கு இல்லாத மதிப்பு அண்டை நிலத்தார் அனுபவத்திற்கு இருந்தது. நம் லயங்களிலும் அப்படியே. வானொலியும் இதழும் செய்தியைக் கொண்டுவரலாம். நம்பிக்கையைக் கொண்டுவருவது பக்கத்து வீட்டுக்காரரே. தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்திலோ, ஆலய மண்டபத்திலோ, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு தோட்டம் முழுவதும் சில வாரங்களில் கற்றுவிடும். தெரியாததைக் கேட்பவரை நகைப்பது மட்டும் கூடாது. ஒருமுறை நகைக்கப்பட்டவர் மறுமுறை கேட்கமாட்டார். தம் அட்டையை மீண்டும் பிறர் கையில் கொடுத்துவிடுவார்.

தயங்குவது தவறன்று. பயன் என்ன, கேடு என்ன என்று கேட்ட பிறகே புதியதை ஏற்பது நம் மக்களின் நல்லறிவு. ஆயினும் கேட்டுத் தெளிந்த பின்னரும் கைகட்டி நிற்போமானால், கருவி நின்றுவிடப் போவதில்லை. அதனை இயக்கும் உரிமை மட்டும் வேறொருவரிடம் போய்ச் சேரும். இம்மாதச் சம்பளம் வந்ததும் கணக்கின் இருப்பை ஒருமுறை தம் கண்ணாலேயே பார்க்கும் பழக்கத்தை நம் தோட்டப் பெருமக்கள் ஒவ்வொருவரும் மேற்கொள்வார்களாக.